பழைய பாய்மரப் படகும் புதிய சன்னல்களும்

வெப்பத்தால் பொருள்கள் விரிவடைகின்றன, குளிர்ச்சியால் சுருங்குகின்றன. தண்டவாளத் துண்டுகளுக்கிடையே இடைவெளி விடுவதற்கு இதனையே காரணமாகப் பள்ளியில் படித்தோம். அவ்விதி கடலில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை ஒரு பாய்மரப் படகின் சன்னலைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1960-களிலும் 1970-களிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கண்ணாடியிழையாலான பாய்மரப் படகுகள் ஏராளமாகக் கட்டப்பட்டன. அவற்றுள் பல இன்றும் கடலில் செல்கின்றன. படகின் உடல் உறுதியாக இருக்கும்போதே கேபின் சன்னல்கள் வெடித்தும் மங்கியும் போய், நீர் உள்ளே கசியத் தொடங்குகிறது.

சிறு கசிவுதானே என்று விட்டுவிட இயலாது. சில படகுகளின் கேபின் சுவர், இரு கண்ணாடியிழைத் தகடுகளுக்கிடையே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துச் செய்யப்பட்டதாகும். திருகாணித் துளை வழியே நுழையும் நீர் அம்மரத்தை மட்கச் செய்கிறது. வெளியே திண்ணமாகத் தோன்றும் சுவர் உள்ளே வலுவிழந்து விடுகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ எடையுள்ளது. புயலில் எழும் அலை மோதிச் சன்னல் பெயர்ந்தால் படகே மூழ்க நேரிடும்.

கசிவுக்குக் காரணம் யாது? சன்னலுக்குப் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட் தகடு பயன்படுகிறது. பாலிகார்பனேட் மோதலை நன்கு தாங்கும். ஆனால் எளிதில் கீறல் விழும். அக்ரிலிக் வெயிலை நெடுங்காலம் தாங்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் தகடு, வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயரும்போது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விரிகிறது. கண்ணாடியிழைச் சுவரோ அதில் பாதியளவுகூட விரிவதில்லை. தகட்டைத் திருகாணியால் அசையாதபடி இறுக்கினால், விரிய இடமின்றித் துளையோரத்தில் வெடிப்பு விழும். பசையும் முழுவதுமாகப் பிதுங்கி வெளியேறிவிடும். கசிவு மீண்டும் தொடங்கும்.

ஆகவே சன்னல் மாற்றுவோர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. பழைய பசையை முற்றிலும் சுரண்டி நீக்குக. பழைய சிலிகோன் எஞ்சியிருந்தால் புதுப் பசை ஒட்டாது.

2. சுவரின் வெட்டுவாயில் மட்கிய மரத்தை அகற்றி, நன்கு உலரவிட்டு, எபாக்சி கொண்டு நிரப்புக.

3. பழைய தகட்டை அளவாக வைத்துப் புதியதை வெட்டுக. துளைகள் திருகாணியின் பருமனைவிடப் பெரியனவாக இருத்தல் வேண்டும்.

4. அக்ரிலிக் மீது அசிட்டோன் படலாகாது. நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். பாலிசல்பைடு பசையும் இதற்கு ஆகாது. ரப்பர்போல் நீளும் தன்மையுள்ள சிலிகோன் ஏற்றது.

5. பசை சில மில்லிமீட்டர் கனத்தில் தங்கும்படி சிறு ரப்பர்த் துண்டுகளை இடையே வைத்து, திருகாணிகளை மெல்லப் பொருத்துக.

எந்தத் தகட்டை எத்தனை கனத்தில் பொருத்துவது என்பதையும் கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும். சிறு படகுகளின் சன்னல் வலிமைக்கென ஐ.எஸ்.ஓ. 12216 என்னும் பன்னாட்டுத் தரமே உள்ளது.

இறுக்குவதே உறுதி என்று கருதுவது இயல்பு. இங்கோ அசைய இடம் விடுவதே உறுதியாகிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் மதிப்பெண்ணுக்காகக் கண்டறியும் நீள் விரிவுக் குணகம், நடுக்கடலில் சிலருடைய உயிரைக் காக்கும் எண்ணாகவும் விளங்குகிறது.