கனவா, முற்பிறவியா?

கேள்வி: மர்மமும் காதலும் கலந்து, நடப்பது நனவா கனவா எனத் தெரியாத நாவலை எப்படி வாசிப்பது?
– வாசகர், தென்காசி

பதில்: குற்றாலத்தில் வாழ்ந்த தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.யின் (1882–1954) நெருங்கிய நண்பரான கல்கி எழுதிய ‘சோலைமலை இளவரசி’ இதற்கு மிகப் பொருத்தமான நாவல். 1942 விடுதலைப் போராட்டத்தில் போலீசுக்குத் தப்பிப் பாழடைந்த கோட்டையில் ஒளியும் குமாரலிங்கம், உணவு கொண்டுவரும் பொன்னம்மாளிடம் மனத்தைப் பறிகொடுக்கும்போதே, நூறாண்டுக்கு முன் மாறனேந்தல் மன்னனாக இளவரசி மாணிக்கவல்லியைக் காதலித்தவனும் தானே என்று உணர்கிறான். இத்தகைய மயக்க உத்தியில், அதாவது இரு காலங்களின் எல்லையை வேண்டுமென்றே கலைக்கும் கதைமுறையில், விடையை அவசரமாகத் தேடும் வாசகர் காதலின் துயரைத் தவறவிடுவார். ஆகவே முதல் வாசிப்பில் கனவை நனவாகவே நம்பிச் செல்வதும், மறுவாசிப்பில் காலம் மாறும் இடங்களைக் கவனிப்பதும் நல்லது. கம்பன் கவிகளை டி.கே.சி. திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைத்த அதே நிதானம் உரைநடைக்கும் உரியது.