சேமிப்பும் கொண்டாட்டமும்

நம் ஊர்களில் வீடு கட்டுவோர், குடிபுகும் நாள் வரையில் மகிழ்ச்சியை ஒத்திப்போடுவதில்லை. மனை போடும் நாளில் ஒரு பூசை. நிலை வைக்கும் நாளில் வாசற்காலுக்கு மஞ்சளும் குங்குமமும். தச்சருக்கும் கொத்தனாருக்கும் வேட்டி துண்டு. தளம் போடும் நாளில் வேலையாட்கள் அனைவருக்கும் சாப்பாடு. வீடு முடிய இன்னும் பல மாதம் இருக்கும், கையிருப்பும் கரைந்துகொண்டிருக்கும். ஆயினும் இந்த இடைக்கொண்டாட்டங்களை வீண் செலவு என்று எவரும் சொல்வதில்லை. பெரிய வேலை ஒன்றை நடுவில் தளராமல் முடிக்க மனிதனுக்கு இடையிடையே ஒரு நிறைவு வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

வீட்டைவிட நீண்ட காலம் பிடிக்கும் வேலை ஒன்று உண்டு. அதுதான் சேமிப்பு. அதற்கு மட்டும் நிலை வைக்கும் நாளும் இல்லை, தளம் போடும் நாளும் இல்லை. சேமிப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதற்படியையும் முடிவையும் சொல்லி, இடையில் உள்ள பதினைந்து இருபது ஆண்டுகளைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றனர். அந்த இடைவழியைப் பற்றியே நான் இங்கு எழுத முற்படுகிறேன். பொருளியல் ஆய்வு மாணவன் என்ற முறையிலும், சில ஆண்டு வேலை பார்த்த காலந்தொட்டு நாள்தோறும் வரவு செலவு எழுதிவருபவன் என்ற முறையிலும் இதனைச் சொல்கிறேன்.

1. முன்கூட்டிய ஓய்வு யாது?

ஓய்வு என்றதும் சாய்வு நாற்காலி நினைவுக்கு வருகிறது. நான் சொல்லும் ஓய்வு அதுவன்று. ஒருவன் சேர்த்த பொருள் தரும் வருவாயே அவன் செலவுக்குப் போதும் என்ற நிலை வந்தால், அன்றுமுதல் அவன் ஊதியத்துக்காக மட்டும் உழைக்க வேண்டியதில்லை. விரும்பினால் அதே வேலையைத் தொடரலாம், கற்பிக்கலாம், ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்க்கலாம். அறுபது வயதுக்கு முன்னரே அந்நிலையை அடைவதே முன்கூட்டிய ஓய்வு.

இந்தத் தலைநகரில் கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய தமிழ் எழுத்தர்களுக்கும் கணக்கர்களுக்கும் இக்கவலை அவ்வளவாக இல்லை. அரசு வேலை, குறித்த வயதில் ஓய்வு, அதன்பின் மாதந்தோறும் ஓய்வூதியம். நமக்கு நிலைமை மாறிவிட்டது. 2004 ஜனவரி 1 முதல், படைத்துறை நீங்கலாக, மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தாமும் பங்கு செலுத்தும் புதிய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வந்தனர். 2025 ஏப்ரலில் உறுதியான ஓய்வூதியம் தரும் மற்றொரு திட்டம் வந்தது. அதிலும் முழுப் பயன் பெற 25 ஆண்டுப் பணி வேண்டும். தனியார் நிறுவனங்களில் சேர்வோர் பலருக்கு வருங்கால வைப்புநிதியே பெருந்துணை. ஆகவே, நம் முதுமைக்கு நாமே பொறுப்பு என்பது அறிவுரை அன்று, உள்ள நிலை.

1992-இல் அமெரிக்காவில் விக்கி ராபினும் ஜோ டாமிங்கெசும் ‘யுவர் மணி ஆர் யுவர் லைஃப்’ என்றொரு நூலை வெளியிட்டனர். நாம் செலவிடும் ஒவ்வொரு காசும் நம் வாழ்நாளின் ஒரு பகுதியை விற்றுப் பெற்றது என்பது அதன் அடிப்படை. மாத வருவாயையும் செலவையும் இரு கோடுகளாக வரைந்து சுவரில் மாட்டச் சொல்கிறது அந்நூல். சேமிப்பு தரும் வருவாய் மூன்றாவது கோடாகக் கீழிருந்து ஏறி ஒருநாள் செலவுக் கோட்டைத் தாண்டும். அதுவே விடுதலை நாள். இம்முறையில் எனக்குப் பிடித்தது அந்தச் சுவர்ப்படமே. தான் எங்கே நிற்கிறோம் என்பதை மாதந்தோறும் கண்ணால் காண்பவனுக்கு அலுப்பு குறைகிறது.

2. ஒரு சிறு கணக்கு

எவ்வளவு சேர்த்தால் போதும்? 1994-இல் வில்லியம் பெங்கென் என்னும் நிதி ஆலோசகர், அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை வைத்து ஆராய்ந்தார். முதலாண்டில் சேமிப்பின் நூற்றில் 4 பங்கை எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்ப அத்தொகையை உயர்த்திக்கொண்டு போனாலும், குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பணம் தீராது என்று கண்டார். நூற்றில் 4 என்றால் ஆண்டுச் செலவின் 25 மடங்கு. இது அமெரிக்கக் கணக்கு என்பதையும், 30 ஆண்டுக்கு உரியது என்பதையும் மறக்கக் கூடாது. நாற்பதில் ஓய்வு பெறுபவன் ஐம்பது ஆண்டு வாழக்கூடும். அவனுக்கு 30 மடங்குக்கு மேல் வேண்டும் என்பது என் கருத்து. எனினும் கணக்கு விளங்குவதற்காக 25 மடங்கையே வைத்துக்கொள்வோம்.

விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பின், பணம் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வளர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இஃது எடுத்துக்காட்டே, உறுதிமொழி அன்று. வருவாயில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பவன் இலக்கை அடைய ஏறக்குறைய 59 ஆண்டு ஆகும். நாலில் ஒரு பங்கு சேமித்தால் 35 ஆண்டு. பாதி சேமித்தால் 17 ஆண்டு 8 மாதம். முக்கால் பங்கு சேமித்தால் 7 ஆண்டு 4 மாதம்.

இக்கணக்கில் சம்பளத் தொகை எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சேமிப்புக்கும் செலவுக்கும் உள்ள விகிதமே காலத்தை முடிவு செய்கிறது. வருவாயின் வழி சிறிதாயிருந்தாலும் செலவின் வழி அகன்றுவிடாமல் இருந்தால் தீங்கில்லை என்னும் கருத்தை வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். அதை அவர் பொருள் செயல்வகை அதிகாரத்தில் வைக்கவில்லை, வலியறிதலில் வைத்தார். சேமிப்பின் அளவு ஒருவனுடைய வலிமையின் அளவு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இனி, பாதி சேமிப்பவனையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு 3 லட்சம். சேமிப்பு 3 லட்சம். இலக்கு 75 லட்சம். முதற் கால் பங்கைச் சேர்க்க 5 ஆண்டு 8 மாதம் ஆகிறது. இரண்டாம் காலுக்கு 4 ஆண்டு 8 மாதம். மூன்றாம் காலுக்கு 3 ஆண்டு 11 மாதம். கடைசிக் காலுக்கு 3 ஆண்டு 5 மாதமே. தொகை ஒன்றே, காலம் குறைந்துகொண்டே வருகிறது. இதிலிருந்து நாம் அறிவது யாது? மிகக் கடினமான பகுதி தொடக்கத்தில்தான் இருக்கிறது. பலர் வழியில் விட்டுவிடுவதும் அங்கேதான். ஆகவே கொண்டாட்டங்களும் தொடக்கத்தில் நெருக்கமாகவும், போகப் போக அரிதாகவும் இருப்பதே முறை. நம்மவரோ ஒரு கோடி சேர்ந்தால் கொண்டாடலாம் என்று கடைசிக்கு ஒத்திவைக்கின்றனர்.

3. படிகள் எவை?

முதற்படி சேமிப்பே அன்று, கடன் தீர்தல். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்று வாங்கும் வட்டி, ஆண்டுக்கு நூற்றுக்கு 120 ஆகிறது. எந்த வைப்புநிதியும் அவ்வளவு தருவதில்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் 2003-இல் கந்துவட்டியைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. நம்மில் பலர் படிக்க வந்தபோது வீட்டில் ஒரு வளையலோ சங்கிலியோ அடகுக்கடைக்குப் போயிருக்கும். அதை மீட்டு அம்மாவின் கையில் போடும் நாள், இலட்சாதிபதி ஆகும் நாளைவிட உயர்ந்தது. அதைக் கொண்டாடாதவன் வேறு எதைக் கொண்டாடியும் பயனில்லை.

இரண்டாம் படி, ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருத்தல். வேலை போனாலும், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தாலும், கைமாற்றுக்கு அலைய வேண்டாம் என்ற தெம்பு அப்போது வருகிறது.

மூன்றாம் படி, ஓராண்டுச் செலவு. நான்காம் படி, இலக்கில் கால் பங்கு. ஐந்தாம் படி, பாதி.

இவற்றோடு அழகிய படி ஒன்றும் உண்டு. சேமிப்பின் ஓராண்டு வளர்ச்சி, நாம் அவ்வாண்டில் போடும் தொகைக்குச் சமமாகும் நாள் அது. ஒரே அளவு தொகையை ஆண்டுதோறும் போட்டுவந்தால், அத்தொகை பெரிதாயினும் சிறிதாயினும், நூற்றுக்கு 4 வளர்ச்சியில் அந்நாள் 17 ஆண்டு 8 மாதத்தில் வருகிறது. பணம் இரட்டிக்கும் காலமும் அதுவே. வட்டி வீதத்தால் 72-ஐ வகுத்தால் இரட்டிக்கும் காலம் கிடைக்கும் என்று 1494-இல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி தம் நூலில் குறித்தார். 72-ஐ 4-ஆல் வகுத்தால் 18. அன்றுமுதல் நம்மோடு இன்னோர் ஆளும் சமமாகத் தோள் கொடுக்கிறான் என்று கொள்ளலாம்.

4. கொண்டாடும் முறை

என் அனுபவத்தில் நான்கு விதிகள் பயன்பட்டன.

ஒன்று, ரூபாயில் எண்ணாமல் மாதங்களில் எண்ணுதல். விலைகள் ஆண்டுக்கு நூற்றுக்கு 6 ஏறினால், 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகிறது. இன்றைய பத்து லட்சமும் பிற்காலத்துப் பத்து லட்சமும் ஒன்றல்ல. ஆனால் ‘இருபது மாத வாழ்க்கை என் கையில் இருக்கிறது’ என்பது என்றும் பொருளுள்ள சொல். செலவைக் குறைத்தாலும் மாதங்கள் கூடும் என்பது இம்முறையின் மற்றொரு நன்மை.

இரண்டு, சந்தை தந்ததைக் கொண்டாடாமல் நாம் செய்ததைக் கொண்டாடுதல். 2020 ஜனவரியில் 41,000-ஐத் தாண்டியிருந்த சென்செக்ஸ், அவ்வாண்டு மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே வந்து முடிந்தது. பங்குகளை நம்பி ஜனவரியில் விருந்து வைத்தவன் மார்ச்சில் வாடியிருப்பான். ‘இருபத்து நான்கு மாதம் தவறாமல் சேமித்தேன்’ என்பதை எந்தச் சந்தையும் பறிக்க முடியாது.

மூன்று, நூற்றுக்கு ஒன்று. எட்டிய தொகையில் நூற்றில் ஒரு பங்குக்குமேல் கொண்டாட்டத்துக்குச் செலவிடுவதில்லை. ஒரு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய். மேலே சொன்ன கணக்கில் கால் பங்கு இலக்கை எட்டியவன் செலவிடக்கூடியது 18,750 ரூபாய். அதனால் அவன் பயணம் மூன்று வாரமே தாமதமாகும்.

நான்கு, தனியாகக் கொண்டாடாமை. கல்விக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிய மாதத்தில் நான் பெற்றோரை வரவழைத்துத் தாஜ்மகாலைக் காட்டினேன். ஆறு மாதப் படியை எட்டியபோது, அறை நண்பர்களுக்கு வெண்பொங்கலும் கொத்சும் செய்து போட்டேன். என்ன விசேடம் என்று அவர்கள் கேட்டார்கள். ‘ஆறு மாதம் எனக்கு எவர் தயவும் வேண்டாம்’ என்றேன். அன்றிரவே அவர்களில் ஒருவர் கணக்கு நோட்டு ஒன்று வாங்கி வந்தார். தொகையைச் சொல்ல வேண்டியதில்லை. படியைச் சொன்னால் போதும்.

5. தடைகளும் விடைகளும்

‘நாமோ மாணவர், வருவாய் எங்கே?’ என்று சிலர் கேட்கலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குவோர் உண்டு. உதவித்தொகையும் இல்லாதவர்களுக்கு, தொடர்ந்து மூன்று மாதம் கணக்கு எழுதியதே முதற்படி. அதற்கு ஒரு காப்பி போதும்.

‘வீட்டுக்கு அனுப்பியது போக மீதியே இல்லை’ என்பர் வேறு சிலர். இதுவே கடினமான கேள்வி. விகிதமே எல்லாம் என்று மேலே சொன்னேன். ஆனால் தங்கையின் படிப்பையும் தந்தையின் மருந்தையும் சுமப்பவனுக்கு அவ்விகிதம் அவன் கையில் இல்லை. அவனைப் பார்த்து ‘பாதி சேமி’ என்பது இரக்கமற்ற பேச்சு. அவனுடைய படிகள் வேறு. வீட்டில் எவரும் கடன் வாங்காத முதல் மாதம் ஒரு படி. தங்கைக்கு வேலை கிடைத்த நாள் ஒரு படி. குடும்பம் முழுவதையும் ஒரே கணக்காக எழுதிப் பார்த்தால், அவன் சேமிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

‘சொன்னால் கண்ணேறு படும்’ என்ற அச்சமும் நம்மிடம் உண்டு. நம் தாய்மார்கள் அரிசிப்பானையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் சிறுவாடு சேர்த்தார்கள். முதல் நூறு சேர்ந்தபோது அவர்களும் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அம்மகிழ்ச்சியை யாரோடும் பங்கிட முடியவில்லை. சேர்த்தது வெளியே தெரிந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளப்படும் என்ற நிலையில் அவர்கள் இருந்தார்கள். படித்துச் சம்பாதிக்கப்போகும் நம் சகோதரிகள் அந்த மௌனத்தைத் தொடர வேண்டியதில்லை. தம் பெயரில் தம் கணக்கு, தம் படி, தம் கொண்டாட்டம் என்று அவர்கள் சொல்லட்டும்.

நிற்க. 1924-இல் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு, உலகச் சிக்கன நாள் என்று அக்டோபர் 31-ஐக் குறித்தது. இந்தியாவில் அது அக்டோபர் 30-இல் கொண்டாடப்படுகிறது. அன்று மாலை நம் சங்க அறையில் கூடுவோம். தொகை எவரும் சொல்ல வேண்டாம். சென்ற ஆண்டில் ஏறிய படியை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லட்டும். நகையை மீட்டவருக்கு முதற் கைதட்டல். சுண்டல் செலவு நூற்றுக்கு ஒன்றுக்குள் அடங்கிவிடும்.