பத்துக் குச்சி, ஒரு கட்டு

31 வருஷ வேலையில் பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புதான் நடத்தினேன். பெரிய வகுப்பு கேட்டு வாங்கியிருக்கலாம், தோன்றவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் இடமதிப்பை எப்படி நடத்துவது என்று கேட்கிறீர்கள். கை பழகியதைச் சொல்கிறேன்.

1. முதலில் பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று பாருங்கள். 16 புளியங்கொட்டையை எண்ணி வைக்கச் சொல்லி, சிலேட்டில் 16 எழுதச் சொல்லுங்கள். இரண்டும் சரியாக வரும். இப்போது 6-ஐத் தொட்டு, "இதுக்கு எத்தனை கொட்டை?" என்று கேளுங்கள். ஆறை நகர்த்தும். 1-ஐத் தொட்டுக் கேளுங்கள். ஒரே ஒரு கொட்டையை எடுத்து வைக்கும். மிச்சம் ஒன்பது தரையில் கிடக்கும், பிள்ளைக்கு அது உறுத்தவே உறுத்தாது. அந்த ஒன்பதுதான் உங்கள் வேலை. இதே பிள்ளையிடம் "பத்துகள் இடத்தில் என்ன எண்?" என்று கரும்பலகையைக் காட்டிக் கேட்டால் "ஒண்ணு டீச்சர்" என்று கணீரென்று சொல்லும். ஏமாந்துவிடாதீர்கள்.

2. பத்துக் குச்சி சேர்ந்தால் ஒரு கட்டு. அதைப் பிள்ளையே கட்டட்டும். எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸில் கேட்டால் மருந்து முக்காத குச்சி ஒரு பை நிறையக் கிடைக்கும். கிடைக்காத ஊரில் விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒரே நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். முதல் வருஷம் நேரம் மிச்சமாகுமென்று நினைத்து, ராத்திரி உட்கார்ந்து 40 கட்டுக்கு நானே ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுபோனேன். ஒரு கட்டைக் காட்டி "எத்தனை?" என்றால் "ஒண்ணு" என்றான் ஒரு பையன். அவனுக்கு அது ஒரு தடித்த குச்சி, அவ்வளவுதான். உள்ளே பத்து இருப்பது கட்டிய எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு கட்டி முடித்த கட்டை எந்தப் பிள்ளைக்கும் நான் கொடுத்ததில்லை. ஆறு வயது விரலுக்கு ரப்பர் பேண்ட் சுற்றுவதே பெரும்பாடு. குச்சி சிதறும், ஒன்பது வைத்தும் கட்டுவார்கள், பதினொன்று வைத்தும் கட்டுவார்கள். பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு பீரியடு முழுக்க இதிலேயே போகும். போகட்டும்.

3. பத்துக் கட்டைச் சேர்த்துச் சணலால் ஒரு நூறு கட்டுங்கள். ஆளுக்கொரு தடவை கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

4. ரூபாய் நோட்டும் மணிச்சட்டமும் அப்புறம். பத்து ரூபாய் நோட்டைப் பிரித்து உள்ளே பத்தைக் காட்ட முடியாது. மணிச்சட்டத்தில் பத்துகள் கம்பியில் கிடக்கும் மணியும் ஒன்றுகள் கம்பியில் கிடக்கும் மணியும் ஒரே அளவு, இடம்தான் வேறு. பெரியவர்களுக்கு எளிதாகத் தெரிகிற இது பிள்ளைக்கு இரண்டாம் படி. 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் பொன்மணிகளைப் பாருங்கள்: ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். எண் பெருகப் பெருகப் பொருளும் பெருகும். அதை விலைக்கு வாங்க நம் பள்ளியில் பணம் ஏது? ஈர்க்குச்சி போதும்.

5. தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. இருபத்து மூன்று என்று சொல்கிற வரிசையிலேயே 2, 3 என்று எழுதிவிடலாம். இடறுவது தொண்ணூறில். எண்பது வரை 'பது' என்று முடிந்த பேர், அங்கே திடீரென்று 'நூறு' என்று ஒலிக்கும். தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்'. தொண்ணூற்று மூன்றை 903 என்று எழுதுகிற பிள்ளை காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறது. திட்டாதீர்கள். ஒன்பது கட்டையும் மூன்று குச்சியையும் முன்னால் வைத்துவிட்டு, நூறுக் கட்டு எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.

6. இருநூற்று மூன்று என்றால் 2003 என்று எழுதுவார்கள். சிரிக்கவேண்டாம், நம் பழைய எண்முறையும் கிட்டத்தட்ட அப்படித்தான்: பத்துக்கு ௰, நூறுக்கு ௱ என்று தனிக்குறி இருந்ததால் 203-ஐ ௨௱௩ என்று எழுதினார்கள், பூஜ்யம் தேவைப்படவில்லை. காலண்டர் அட்டையில் 200 என்று ஒன்று, 3 என்று சின்னதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். சின்னதைப் பெரியதன் வலக்கோடியில் வைத்தால் கடைசிப் பூஜ்யம் மறையும், நடுப் பூஜ்யம் நிற்கும். "பத்துக் கட்டு ஒண்ணும் இல்ல" என்று பிள்ளையே சொல்லும்வரை காத்திருங்கள்.

7. கழித்தலில் 'கடன் வாங்கு' என்று சொல்லாதீர்கள். "எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" என்று ஒரு பெண் கேட்டாள், பதில் சொல்ல முடியாமல் நின்றேன். 52-இல் 27 போக வேண்டுமா? ஐந்து கட்டு, இரண்டு குச்சி. ஏழு குச்சி எடுக்க முடியாது. ஒரு கட்டைப் பிரிக்கட்டும். நாலு கட்டு, பன்னிரண்டு குச்சி. இங்கே நிறுத்தி, "இப்பவும் அம்பத்திரண்டுதானா?" என்று கேளுங்கள். பாதி வகுப்பு இல்லை என்று சொல்லும். எண்ணிப் பார்த்தபிறகே மேலே போங்கள்.

8. அதிகாரிகள் விசிட்டுக்காகத் தெர்மாகோலில் செய்த உபகரணத்தைப் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். குச்சிப் பை பிள்ளைகளுக்கு எட்டும் ஆணியில் தொங்கட்டும். செயல்வழிக் கற்றல் அட்டையோ எண்ணும் எழுத்தும் பயிற்சிநூலோ, எதை வைத்து நடத்தினாலும் அந்தப் பை வேண்டும்.

9. மணி அடிக்குமுன் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டித் திரும்ப வாங்குங்கள். தினமும் நாலைந்து குறையும். காது குடையப் போயிருக்கும். பையன்கள் சட்டைப் பையைப் பாருங்கள்.