ஃப்ளைட்டிலும் கப்பலிலும் உங்க சிம் எந்த நாட்டில் இருக்கு? ஒரு ₹27,791 பில்லின் கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் குவாலிட்டி இன்ஜினியரா இருக்கிற நண்பர் ஒருத்தர். கம்பெனி செலவில் ஜெர்மனியில் பத்து நாள் ட்ரெயினிங். முதல் வெளிநாட்டுப் பயணம். கம்பெனி கொடுத்த போஸ்ட்பெய்டு சிம்தான் கையில். அட்மின் டிபார்ட்மென்ட்டே ரோமிங் பேக் போட்டுக் கொடுத்துட்டாங்க. ஜெர்மனிக்கும் நடுவில் இறங்கி மாறுற நாட்டுக்கும் சேர்த்துத்தான் பேக். எல்லாம் சரியாத்தான் இருந்தது.

திரும்பி வந்த அடுத்த மாசம் பில் வந்தது. பேக்குக்கு மேல ₹27,791. அவருக்குக் கைக்கு வர்ற சம்பளம் 29 ஆயிரம்.

பத்து நாளும் ஜெர்மனியில் அவர் பேக்கைத் தாண்டி ஒரு எம்பி கூடப் பயன்படுத்தவில்லை. இந்தப் பணம் முழுக்கப் போனது, போகும்போது ஃப்ளைட்டில் கடந்த சுமார் 40 நிமிஷத்தில். சாப்பாடு வந்து, முடிச்சு, தூக்கம் வராம ஃபோனை எடுத்துப் பார்த்திருக்கார். ஃபிளைட் மோடை எடுத்ததும் சிக்னல் வந்திருக்கு. "அட, ஆகாசத்துலயே டவர் கிடைக்குதே, பேக் வேற இருக்கு"ன்னு வாட்ஸ்அப்பைத் திறந்து, விமான ஜன்னல் ஃபோட்டோ நாலை வீட்டு குரூப்பில் போட்டிருக்கார். அவர் செஞ்சது அவ்வளவுதான். மீதியை ஃபோன் தானா செஞ்சது. ஃபோட்டோ பேக்கப், குரூப்களில் காத்துக்கிடந்த வீடியோக்கள் ஆட்டோ டவுன்லோட், ரெண்டு ஆப் அப்டேட். மொத்தம் 46 எம்பி.

பில்லில் ரேட் எப்படிப் போட்டிருந்தது தெரியுமா? "10 கேபிக்கு ₹5". படிக்கும்போது டீ விலையை விடக் குறைவாத் தெரியுது இல்லையா? கணக்குப் போடுங்க. ஒரு எம்பி என்பது 1,024 கேபி. அப்போ ஒரு எம்பிக்கு ₹512. 46 எம்பிக்கு ₹23,552. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி ₹4,239. ஆக ₹27,791. நம்ம ஊரில் தினமும் ஒன்றரை ஜிபி, ரெண்டு ஜிபின்னு செலவழிச்சுப் பழகின கைக்கு 46 எம்பி என்பது கணக்கிலேயே வராது. ஒரு ரீல்ஸ் பார்க்கிற நேரம்.

கம்பெனி பில்லைக் கட்டிட்டு, மூணு மாசத் தவணையா சம்பளத்தில் பிடிச்சது. மாசம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். மூணு மாசமும் அவரோட எஸ்ஐபி நின்னுபோச்சு. அதனாலதான் வீடியோவில் ரெண்டு நிமிஷத்தில் சொன்னதை இங்கே விரிவா எழுதுறேன்.

பேக் இருந்தும் ஏன் பில் வந்தது?

விஷயம் இதுதான். நீங்க வாங்கின பேக் ஒரு நாட்டுக்கு. பறக்கிற விமானமும் நடுக்கடல் கப்பலும் உங்க சிம்முக்கு எந்த நாடும் இல்லை. அது தனி நாடு.

இதைச் சும்மா உதாரணத்துக்குச் சொல்லலை. உலகத்தில் ஒவ்வொரு நாட்டு மொபைல் நெட்வொர்க்குக்கும் ஒரு எண் உண்டு. இந்தியாவுக்கு 404, 405. இலங்கைக்கு 413. எந்த நாட்டையும் சேராத நெட்வொர்க்குகளுக்கு 901. விமானத்துக்குள் சிக்னல் கொடுக்கிற ஏரோமொபைல், ஆன்ஏர், கப்பலில் கொடுக்கிற செல்லுலார் அட் சீ போன்றவை இந்த 901 வரிசையில்தான் வருது. ஃபோன் மேல்பக்கம் இந்தப் பெயர்களோ, 901-ல் தொடங்குகிற எண்ணோ தெரிஞ்சா, நீங்க ஜெர்மனியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை.

வேலை செய்யும் விதமும் எளிமையானது. விமானத்துக்குள்ளேயே ஒரு குட்டி டவர் இருக்கும். உங்க ஃபோன் அதோட பேசும். அது செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அங்கிருந்து தரைநிலையம், அங்கிருந்து உங்க ஊர் கம்பெனி. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற செயற்கைக்கோள் வழியா ஒரு குட் மார்னிங் படம் போய் வருதுன்னா செலவு யார் தலையில்? இப்போ சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுத்துற ஸ்டார்லிங்க் மாதிரியானவை வந்ததால், பல விமானங்களிலும் சொகுசுக் கப்பல்களிலும் வைஃபை வேகமாயிருக்கு. ஆனா வைஃபை வேற, சிம் சிக்னல் வேற. இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுதான் பெரும்பாலானவங்க மாட்டுற இடம்.

ஃபிளைட் மோடில் வெச்சு, வைஃபையை மட்டும் ஆன் செஞ்சா, உங்க மொபைல் கம்பெனிக்கு அதில் வேலையே இல்லை. காசு இருந்தா விமான நிறுவனத்துக்குத்தான். சில நேரம் அதுவும் இல்லை. 2025 ஜனவரியிலிருந்து ஏர் இந்தியா தன் ஏ350, போயிங் 787-9, சில ஏ321 நியோ விமானங்களில் உள்நாட்டுப் பயணத்துக்கு வைஃபையை இலவசமாக் கொடுக்கத் தொடங்கியது. அதில் நீங்க பயப்பட ஒண்ணுமில்லை. ஃபிளைட் மோடை எடுத்து சிம்மை விட்டீங்கன்னாதான் மீட்டர் ஓடும்.

இந்திய வான்பரப்பில் இந்தச் சேவைகளுக்கு அனுமதி வந்ததே 2018 டிசம்பரில்தான். விமான, கடல்வழி இணைப்புக்கான விதிகள் அப்போ அறிவிக்கப்பட்டன. விமானம் 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல போனபிறகே சேவை. அதுக்குக் கீழே, ஏறும்போதும் இறங்கும்போதும் ஃபிளைட் மோடுதான். இது பணத்துக்காக இல்லை, பாதுகாப்புக்காக. ஏர்ஹோஸ்டஸ் சொன்னபிறகும் "லேண்ட் ஆயிட்டேன்டா"ன்னு தரையைத் தொடுறதுக்கு முன்னாடியே ஃபோன் பண்றவங்களுக்கு நான் வேற என்ன சொல்ல.

விமானத்துக்குன்னே பேக் இருக்கு

ஜியோ 2020 செப்டம்பரில் இன்ஃபிளைட் பேக்குகளை அறிமுகம் செய்தது. அப்போதைய விலை ஒரு நாளைக்கு ₹499, ₹699, ₹999. ஏர்டெல் 2024 பிப்ரவரியில் ₹195-ல் தொடங்கியது. அந்த விலைக்கு 250 எம்பி, 100 நிமிஷம் வெளியே பேசலாம், 100 எஸ்எம்எஸ், 24 மணி நேரம். விலைகள் மாறிக்கிட்டே இருக்கும். கிளம்புற அன்னைக்கு ஆப்பில் பாருங்க. கூடவே, நீங்க ஏறப்போற விமான நிறுவனம் அந்தப் பேக்கின் பட்டியலில் இருக்கான்னும் பாருங்க. எல்லா நிறுவனமும் இருக்காது.

₹195-ஐயும் ₹27,791-ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நண்பர் கிளம்பும் முன் ஆப்பைத் திறந்து ரெண்டு நிமிஷம் செலவழிச்சிருந்தா, 46 எம்பி 250 எம்பிக்குள் சாதாரணமா அடங்கியிருக்கும்.

வைஃபை வாங்குறவங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 2014-ல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன கனடாக்காரர் ஒருத்தர் 28.99 டாலருக்கு 30 எம்பி பேக் வாங்கினார். பேக் தீர்ந்தபிறகும் இணைப்பு ஓடிக்கிட்டே இருந்தது. இறங்கும்போது பில் 1,171 டாலர். அவர் பார்த்தது பெரும்பாலும் ஈமெயில்தான். இப்போ நிறைய நிறுவனங்கள் நேரக் கணக்கிலோ முழுப் பயணத்துக்கோ விற்கிறாங்க, அது பரவாயில்லை. எம்பி கணக்கில் விற்றால், தீர்ந்ததும் நிற்குமா இல்லை மீட்டர் ஓடுமான்னு அந்தப் பக்கத்தில் வாசிச்சுட்டு கார்டு நம்பரைப் போடுங்க.

கார்டு விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கு. டாலரில் கட்டினால் பல கிரெடிட் கார்டுகளில் 3.5% வரை மார்க்கப், அந்த மார்க்கப்புக்கு மேல ஜிஎஸ்டி. அதுகூடப் போகட்டும். ஃபிளைட் மோடில் இருக்கிற ஃபோனுக்கு ஓடிபி எஸ்எம்எஸ் வராது! ஓடிபிக்காக ஃபிளைட் மோடை எடுத்தீங்கன்னா, மறுபடி 901 நாட்டுக்குள் நுழைஞ்சுட்டீங்க. அதனால வைஃபை வேணும்னா ஏர்போர்ட்டில் இருக்கும்போதே, விமான நிறுவன தளத்தில் வாங்கிடுங்க.

கப்பல்

நம்ம பக்கத்து ஆளுங்களுக்குக் கப்பல் புதுசு இல்லை. காட்டுப்பள்ளி, எண்ணூர் காமராஜர் துறைமுகம் ரெண்டும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கு. ஆனா பயணியாக் கப்பலில் ஏறினவங்க குறைவு. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டீலியாவின் எம்ப்ரஸ் சொகுசுக் கப்பல் கிளம்பியபிறகு, ஆபீஸ் குரூப்பா, ஹனிமூனுக்குன்னு போறவங்க கூடியிருக்காங்க. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் வந்தது.

கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரை இந்தியக் கடல் எல்லை. கரையோரம் உங்க வழக்கமான டவரே கொஞ்ச தூரம் கூட வரும். அது போனபிறகு, கப்பலில் சொந்த நெட்வொர்க் இருந்தா ஃபோன் தானா அதில் போய் ஒட்டிக்கும். பொதுவா துறைமுகத்தில் நிற்கும்போது கப்பல் நெட்வொர்க்கை அணைச்சு வைப்பாங்க. பொதுவா என்ற வார்த்தையைக் கவனிங்க. அமெரிக்காவில் ஒருத்தர், மியாமி துறைமுகத்தில் கப்பல் இன்னும் கிளம்பாத நேரத்தில், லேப்டாப் டேட்டா கார்டில் ஒரு ஃபுட்பால் மேட்ச் பார்த்தார். அந்தக் கார்டு கரை டவரை விட்டுட்டு கப்பல் நெட்வொர்க்கைப் பிடிச்சிருக்கு. பில் சுமார் 28,000 டாலர்! போராடியபிறகு அந்த நிறுவனம் சுமார் 290 டாலராகக் குறைச்சது. இது 2009-ல் அங்கே பெரிய செய்தி.

இலங்கைப் பக்கம் போகும்போது இன்னொன்று. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போனவங்களுக்குத் தெரியும், நம்ம மண்ணில் நிற்கும்போதே "வெல்கம் டு ஸ்ரீலங்கா"ன்னு மெசேஜ் வரும். கடலில் அது இன்னும் சுலபம். இன்டர்நேஷனல் ரோமிங் ஆக்டிவேட் ஆகாத சிம்மில் இதனால் ஒண்ணும் ஆகாது. ஆக்டிவேட் ஆகியிருந்தா, டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்யுங்க, நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாத்துங்க.

டேட்டாவை மட்டும் நிறுத்தினாப் போதாது. ரோமிங்கில் வர்ற காலை எடுத்தாலும் காசு. நடுக்கடலில் "சார், பெர்சனல் லோன் வேணுமா"ன்னு ஒரு பொண்ணு கேட்க, நீங்க மரியாதையா "வேண்டாங்க"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள் ஒரு நிமிஷக் கட்டணம் உங்க பேரில். கப்பலில் ஃபிளைட் மோடே நல்லது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர், இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம், அரசுக் கப்பலில் போனா கதை நேரெதிர். கிட்டத்தட்ட மூணு நாள், பெரும்பாலும் சிக்னலே இருக்காது. பில் வராது. ஆனா அந்த மூணு நாளில் 5-ஆம் தேதி வந்தா? இஎம்ஐ கணக்கில் பேலன்ஸ் வெச்சீங்களா? கிரெடிட் கார்டு கட்ட வேண்டிய கடைசி நாள் அதுக்குள் வருதா? கப்பல் ஏறும் முன் கட்டிடுங்க. தாமதக் கட்டணமும் வட்டியும் கப்பல் டிக்கெட்டைக் கேட்டுட்டு வராது.

ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டா, கம்பெனி சிம்மா?

ப்ரீபெய்டில் இழப்புக்கு ஒரு எல்லை இருக்கு. பேலன்ஸ் தீர்ந்தா நின்னுடும். போஸ்ட்பெய்டில் கிரெடிட் லிமிட் உண்டு, ஆனா வெளி நெட்வொர்க்கின் கணக்கு உங்க கம்பெனிக்குத் தாமதமா வந்து சேரலாம். லிமிட் தாண்டியது தெரியுறதுக்குள் நீங்க ஊர் வந்து சேர்ந்திருப்பீங்க. ஆட்டோபே போட்டிருந்தா, ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னாடி அறிவிப்பு வரணும். ₹15,000-க்கு மேல் போனா உங்க ஒப்புதல் இல்லாம எடுக்க முடியாது. அந்த அறிவிப்பை ப்ரோமோஷன் மெசேஜ்னு தள்ளிவிடாதீங்க.

கம்பெனி சிம்தான் இதில் ஆபத்து அதிகம். லிமிட் பெருசா இருக்கும், பில் உங்க கைக்கு வராது, சம்பளச் சீட்டில்தான் தெரியும். கிளம்பும் முன் அட்மினுக்கு ஒரு மெயில் போடுங்க: "பேக்கில் விமானப் பயணம் சேர்ந்திருக்கா? கூடுதல் கட்டணம் யார் பொறுப்பு?" வாயால கேட்டது பின்னாடி நிற்காது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ஒரு சம்பளக் காலத்தில் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிஎஃப் உள்பட எல்லாப் பிடித்தத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

நண்பர் அடுத்த தடவை போனப்போ கம்பெனி சிம்மை ஒரு பழைய பட்டன் ஃபோனில் போட்டு எடுத்துக்கிட்டுப் போனார். சிரிச்சேன். யோசிச்சா, அவர் செஞ்சது சரிதான்.

பில் வந்துட்டா

முதல்ல வரிவரியா விவரம் வாங்குங்க: எந்த நெட்வொர்க், எந்த நேரம், எத்தனை எம்பி. கஸ்டமர் கேரில் புகார் பதிஞ்சு டாக்கெட் நம்பர் வாங்குங்க. "பேக் வாங்கும்போது விமானம் சேராதுன்னு எனக்குத் தெரிவிக்கப்படலை, எச்சரிக்கை மெசேஜ் வரலை" என்பது நியாயமான வாதம், அது உண்மையா இருந்தா. திருப்தி இல்லைன்னா அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் போகலாம், 39 நாளுக்குள் அவங்க முடிவு சொல்லணும். நடுவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. சர்ச்சையில் இல்லாத தொகையை மட்டும் கட்டிடுங்க. மொத்தமா கட்டாம விட்டா போஸ்ட்பெய்டு நிலுவை கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறி, வீட்டுக் கடன் கேட்கிற நாளில் எட்டிப்பார்க்கலாம்.

அதுக்கும் மேல போகணும்னா நுகர்வோர் ஆணையம். டெலிகாம் புகார் அங்கே செல்லாதுன்னு ஒரு வாதம் ரொம்ப நாள் ஓடிக்கிட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், செல்லும்னு தீர்ப்பு சொல்லிட்டது. திருவள்ளூரிலேயே மாவட்ட ஆணையம் இருக்கு. ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே பதியலாம். நண்பர் இதை எதையும் செய்யலை. கம்பெனி பில்லைக் கட்டி முடிச்சபிறகுதான் அவருக்கே தெரிஞ்சது, கனெக்ஷனும் அவர் பேரில் இல்லை.