மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு: இதயம் எவ்வளவு நேரம் தாங்கும்?

2025 ஜூலையில் மைசூர் ஜெயதேவா இதய மருத்துவமனையில் கூட்டம் அலைமோதியது. பக்கத்து ஹாசன் மாவட்டத்தில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாரடைப்பால் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியதும், நெஞ்சில் ஒரு வலியும் இல்லாதவர்கள்கூட இ.சி.ஜி. எடுக்க வரிசையில் நின்றார்கள். கொரோனா தடுப்பூசிதான் காரணம் என்ற பேச்சும் கூடவே வந்தது. ஜெயதேவாவின் அப்போதைய இயக்குநர் டாக்டர் கே.எஸ். ரவீந்திரநாத் தலைமையிலான நிபுணர் குழு, தடுப்பூசிக்கும் இந்த இறப்புகளுக்கும் தொடர்பில்லை என்று அறிக்கை தந்தது. 2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் காலமானபோதும் கர்நாடகம் இதே பதற்றத்தைப் பார்த்தது.

பயம் நன்றாக இருப்பவர்களை மருத்துவமனைக்கு விரட்டுகிறது. உண்மையிலேயே வலி கண்டவர்களையோ ‘வாயுப் பிடிப்பு’ என்ற ஒரே சொல் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துவிடுகிறது.

மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கும் தமிழ் பேசும் ஊர் மார்டள்ளி. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த பகுதி. இன்று சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் வட்டம். ஹனூர், கொள்ளேகால் கடந்து மைசூர் போய்ச் சேர நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இத்தனை தொலைவில் இருப்பவர்கள்தான் இதயம் தன்னைத்தானே எப்படிக் காத்துக்கொள்கிறது, எவ்வளவு நேரம் காத்துக்கொள்ளும் என்பதை முதலில் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: நெஞ்சு வலித்தால் குளுக்கோஸ் தண்ணீர் கொடு, தெம்பு வரும்.

கிராமத்தில் எந்த மயக்கத்துக்கும் முதல் மருந்து குளுக்கோஸ்தான். இதயத்தின் அடுப்பு வேறு மாதிரியானது. அது பெரும்பாலும் எரிப்பது கொழுப்பை. சர்க்கரைக்கு இரண்டாம் இடம்தான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கும் இந்தத் தசை, ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறை நாளொன்றுக்குச் சுமார் ஆறு கிலோ அளவுக்கு உண்டாக்கிச் செலவழிக்கிறது. அதன் எடையோ முந்நூறு கிராம் சொச்சம்தான். கையிருப்பு என்று பார்த்தால் சில நொடிகளுக்குத்தான் காணும். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் கூலிக் குடும்பம்போல, சம்பாதிப்பது நின்ற கணமே இதயத்துக்கு நெருக்கடி.

மாரடைப்பில் நடப்பது அதுதான். ரத்தக்குழாய் அடைபடுகிறது, ஆக்சிஜன் வருவதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் கொழுப்பை எரிக்க முடியாது. சர்க்கரையிலிருந்து மட்டும் கொஞ்சம் ஆற்றல் பிழியலாம். ஆக்சிஜன் இருக்கும்போது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கிடைப்பது முப்பது ஏ.டி.பி. என்றால், இல்லாதபோது வெறும் இரண்டு. அந்த இரண்டையாவது பெருக்கலாமே என்று மருத்துவ உலகமே ஆசைப்பட்டது. 1962-இல் மெக்சிகோவின் சோடி பயரஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் கலந்து நரம்பில் ஏற்றும் யோசனையை முன்வைத்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. இந்தியாவும் பங்கேற்ற கிரியேட்-எக்லா ஆய்வில் மாரடைப்பு நோயாளிகள் 20,201 பேர் சேர்க்கப்பட்டார்கள். 2005-இல் முடிவு வந்தது: கலவை பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 10 சதவீதம், பெறாதவர்களில் 9.7 சதவீதம். பலன் இல்லை. மருத்துவமனையில் அளந்து நரம்பில் ஏற்றியே காப்பாற்றாத ஒன்றை, தம்ளரில் கலக்கிக் கொடுத்துப் பயனில்லை. வாய்க்கால் அடைபட்டிருக்கும்போது மதகை எவ்வளவு திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. அடைப்பை எடுப்பதுதான் வேலை.

நம்பிக்கை: வலி வந்து வந்து போனால் இதயம் பழகிக்கொள்ளும்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனாலேயே இது மற்றவற்றைவிட ஆபத்தானது.

1983-இல் ஜப்பானின் அகினோரி நோமா இதயச் செல்லின் சவ்வில் ஒரு விசித்திரமான வாசலைக் கண்டுபிடித்தார். இதயத் துடிப்பே வாசல்களின் விளையாட்டுதான்: சோடியம் உள்ளே பாய, கால்சியம் தொடர, பொட்டாசியம் வெளியேற, ஒரு துடிப்பு முடிகிறது. நோமா கண்ட பொட்டாசிய வாசல், செல்லில் ஏ.டி.பி. போதிய அளவு இருக்கும்வரை மூடியே கிடக்கும். ஏ.டி.பி. குறைந்தால் திறந்துகொள்ளும். திறந்ததும் பொட்டாசியம் வெளியேறுகிறது, மின்துடிப்பின் நீளம் சுருங்குகிறது, கால்சியம் உள்ளே வருவது குறைகிறது, தசை சுருங்கும் வேகம் தணிகிறது. செலவு மிச்சம்.

கிணற்று மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்கு இது எளிதில் விளங்கும். வோல்டேஜ் இறங்கும்போது மோட்டாரை ஓடவிட்டால் காயில் கருகிவிடும். அதனால்தான் ஸ்டார்ட்டர் தானாகவே விழுந்து மோட்டாரை நிறுத்துகிறது. இதயச் செல்லின் இந்த வாசல் அப்படி ஒரு ஸ்டார்ட்டர்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1986-இல், அமெரிக்காவின் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாய்களின் இதயத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ரத்தக்குழாயை ஐந்து நிமிடம் அடைத்து, ஐந்து நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை செய்த பிறகு 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தார்கள். இந்த முன்பயிற்சி பெற்ற இதயங்களில் செத்துப்போன தசை, பயிற்சி பெறாதவற்றில் செத்ததில் நான்கில் ஒரு பங்குதான். இந்தப் பாதுகாப்பில் நோமாவின் வாசலுக்கும், செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பங்கு உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. இந்த வாசலைத் திறக்க உதவும் நிகோரண்டில் மாத்திரையை இந்தியாவிலும் நெஞ்சுவலிக்காரர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள்.

ஆனால் அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தை யாரும் சொல்வதில்லை. அடைப்பை 40 நிமிடத்துக்குப் பதிலாக மூன்று மணி நேரம் நீட்டியபோது, முன்பயிற்சி எந்தப் பயனையும் தரவில்லை. தசை செத்தது செத்ததுதான். இதயம் தன்னைக் காத்துக்கொள்வது சாவைத் தள்ளிப்போட மட்டுமே. கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கித் தளர்த்தி இந்தப் பயிற்சியை வெளியிலிருந்தே கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையும், 2019-இல் வெளிவந்த 5,000 பேருக்கும் அதிகமானோர் பங்கேற்ற ஐரோப்பிய ஆய்வில் பொய்த்துப்போனது.

இனி இந்தியக் கணக்கைப் பாருங்கள். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டெனிஸ் சேவியர், பிரேம் பாய்ஸ் குழுவினர் 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைப் பதிவு செய்து 2008-இல் வெளியிட்டார்கள். பெரிய மாரடைப்பு வந்தவர்கள் வலி தொடங்கி மருத்துவமனையை அடைய எடுத்த நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம். 30 நாளுக்குள் இறந்தவர்கள் வசதியுள்ளோரில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். செல்லின் வாசல் ஏழை, பணக்காரர் பார்ப்பதில்லை, சிகிச்சை பார்க்கிறது. இது வெட்கக்கேடு.

நம்பிக்கை: பொட்டாசியம் இதயத்துக்கு நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

இளநீரும் வாழைப்பழமும் நலமான சிறுநீரகம் உள்ளவருக்குத் தீங்கில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கோ ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். அறுவைக் கூடத்தில் இதயத்தை வேண்டுமென்றே நிறுத்தப் பயன்படுவதும் பொட்டாசியக் கரைசல்தான். நின்ற இதயத்துக்கு ஆற்றல் செலவு மிகக் குறைவு. அதனால் தசை பிழைக்கிறது. ஒரே பொருள், ஓரிடத்தில் காப்பு, இன்னோரிடத்தில் எமன்.

பொட்டாசிய வாசல் திறப்பது எப்போதும் நன்மை என்றும் எண்ண வேண்டாம். மார்டள்ளிப் பகுதி இதை மறக்க முடியாத விதத்தில் கண்டது. 2018 டிசம்பர் 14 அன்று அருகிலுள்ள சுள்வாடி மாரம்மா கோயிலில் பூச்சிமருந்து கலந்த பிரசாதம் உண்டு 17 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள். அந்த வகைப் பூச்சிமருந்து உடலில் அசிடைல்கோலினைத் தேக்கிவிடும். அது இதயத்தின் துடிப்பு முடிச்சில் வேறொரு பொட்டாசிய வாசலை அளவுக்கு மீறித் திறந்துவைக்க, துடிப்பு மந்தமாகிறது, மூச்சும் திணறுகிறது. அட்ரோபின் ஊசி இந்தத் தூண்டலை மறிக்கிறது. அன்றும் கொள்ளேகால், மைசூர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின.

பலமாக இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு அதிக இடம் தேவையில்லை. வீட்டில் தனியாக இருப்பவருக்கு அது உதவாது. ஃபோனை எடுக்க வேண்டிய நேரத்தைத் தின்றுவிடும்.

அடைப்பை எடுக்க மைசூர் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே நல்ல செய்தி. புனித் ராஜ்குமார் பெயரிலான ஹிருதய ஜோதி திட்டத்தில், குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் விலை உயர்ந்த ஊசியைக் கர்நாடகத்தின் வட்ட மருத்துவமனைகளிலேயே இலவசமாகப் போட ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது, இ.சி.ஜி.யைப் பெரிய மருத்துவமனை நிபுணர்கள் தொலைவிலிருந்தே பார்த்துச் சொல்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் அடங்கிய 14 மாத்திரைகள் முதல் தவணையாகத் தரப்படுகின்றன.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் சோடா உடைக்காமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் சோர்வும் மூச்சுத் திணறலும் மட்டும் வரலாம். அதையும் மாரடைப்பின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு மிக அருகில் நள்ளிரவிலும் இ.சி.ஜி. எடுக்கும் மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, அதன் பெயரையும் ஃபோன் எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.