ஆமை கற்பித்த பாடம்

ரோபோ என்றதும் நம் கண்முன் வருவது திரைப்படங்களில் கண்ட இரும்பு மனிதனே. ஆனால், குழந்தைகளின் கைக்கு முதன்முதலில் வந்த ரோபோக்களுள் ஒன்று ஓர் ஆமை! அதன் கதையை அறிந்தால், சிறப்புத் தேவை உடைய குழந்தைகளை ரோபோ வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் முறையும் நமக்கு விளங்கும்.

1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் குழந்தைகளுக்காக 'லோகோ' என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கினர். சில ஆண்டுகளில், அம்மொழிக்குக் கீழ்ப்படியும் ஆமையும் வந்தது. சக்கரங்களின் மேல் தரையில் ஊர்ந்து, சென்ற வழியைப் பேனாவால் கோடாக வரைவது அதன் வேலை. '50 அளவு முன்னே செல்; 90 பாகை வலப்புறம் திரும்பு' என்று நான்கு முறை கட்டளையிட்டால் ஒரு சதுரம் கிடைக்கும். ஐயம் இருப்பின், நாமே எழுந்து அவ்வாறு நடந்து பார்க்கலாம். நான்கு திருப்பங்களும் சேர்ந்து 360 பாகை. ஆகவே புறப்பட்ட இடத்திற்கே வந்து, பழைய திசையை நோக்கி நிற்போம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டுமே, எழுத்தறியாத மழலைகள் என்ன செய்வர்? 1970-களில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன் இதற்கு வழி கண்டார். பொத்தான்கள் கொண்ட பெட்டியையும், கட்டளை அட்டைகளை வரிசையாகச் செருகும் பெட்டியையும் அமைத்தார். குழந்தை வளரட்டும் என்று காத்திராமல், கருவியையே குழந்தைக்கு ஏற்ப மாற்றினார். பிற்காலத்தில் கணிப்பொறி வலையமைப்புத் துறையில் பெரும்புகழ் பெற்றவர் இவரே.

1976-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சில்வியா வியர், ரிக்கி இமானுவேல் என்போர் ஆட்டிசம் உடைய ஒரு சிறுவனிடம் ஆமையை இயக்கும் பொத்தான்களைக் கொடுத்தனர். ஆமையோடு ஈடுபட்ட அச்சிறுவன் தானாகவே பிறருடன் பேச முற்பட்டதை அவர்கள் பதிவு செய்துள்ளனர். ஒரே கட்டளைக்கு ஆமை எப்போதும் ஒரே விதமாகவே நடக்கும், கோபிக்காது, அவசரப்படுத்தாது. இது நோய் தீர்க்கும் மருந்தன்று. ஆயினும், 'என் சொல்லுக்கு ஒன்று அசைகிறது' என்ற உணர்வு ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிது!

இன்று பள்ளிகளில் ரோபோ வகுப்புகள் பெருகி வருகின்றன. அங்கே சக்கர நாற்காலியில் வரும் தோழிக்கு மேசையின் உயரம் பொருந்துகிறதா? விரல் நடுங்கும் தோழிக்குச் சிறு திருகாணிக்குப் பதில் பெரிய இணைப்புகள் உண்டா? செவி கேளாதவருக்கு ஒலியோடு விளக்கும் எரிகிறதா? பார்வையற்றவர் தொட்டறியுமாறு பாகங்களில் அடையாளம் உண்டா? மோட்டாரின் இரைச்சலைத் தாங்க முடியாதவருக்கு அமைதியான மூலை உண்டா? இவற்றை வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நாம் தவிர்க்க வேண்டிய தவறு ஒன்று உண்டு. நல்லெண்ணத்தோடு தோழியின் வேலையை நாமே செய்து முடித்துவிட்டு, அவளைக் கைதட்ட வைக்கிறோம். அது உதவியன்று, அவளுடைய பங்கைப் பறிப்பதாகும். அவள் தவறாகப் பொருத்தினால் பொருத்தட்டும். ஆமை சுவரில் மோதினால் மோதட்டும். பிழையைத் தானே கண்டு திருத்துவதுதான் அந்த வகுப்பின் பாடம். நமக்குக் கிடைக்கும் அப்பாடம் அவளுக்கும் கிடைக்க வேண்டாமா?

ஆகவே தோழியரே, அடுத்த முறை பொத்தானை அவள் கையில் கொடுப்போம்; அவள் அழுத்தும் வரை பொறுமையாகக் காத்திருப்போம்.