எட்டு மணித்தியாலம் படுத்தெழுந்தும் அலுப்பு ஏன்?



மார்கழி மாதத்தில் காலை 6 மணிக்கு வெக்ஸ்போர்ட் பகுதியின் லோரன்ஸ் கிழக்கு வீதியால் போனால், பேருந்துத் தரிப்பிடங்களில் எம்மவர் முகங்கள் பல தெரியும். வானம் இன்னும் வெளுத்திராது. ஒரு கையில் கோப்பி, மறு கையில் சாப்பாட்டுப் பை. சுகம் கேட்டால் "நித்திரை போதாது" என்பதே பலரின் பதில். எம்மிடம் வருபவர்களும் இரத்த அழுத்தம், நீரிழிவு என்று எல்லாம் கதைத்து முடித்து, போகும்போது கதவடியில் நின்று, "டொக்டர், எவ்வளவு படுத்தாலும் அலுப்பாத்தான் எழும்புறன்" என்பார்கள். கதவடியில் சொல்லப்படும் அந்த முறைப்பாடுதான் பல வேளைகளில் முக்கியமானது. இம்முறை அதைப் பற்றிப் பார்ப்போம்.

நித்திரை எவ்வாறு வருகிறது?

இரண்டு விடயங்கள் சேர்ந்தே எம்மை உறங்க வைக்கின்றன. முதலாவது, நித்திரைப் பசி. நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது கூடக்கூடக் கண் சொருகும். உறங்கும்போது அது குறைந்துவிடும். கோப்பியிலும் தேநீரிலும் உள்ள கஃபீன் இந்த அடினோசினின் வேலையைத் தடுக்கிறது. மாலை 5 மணிக்குக் குடித்த கோப்பியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 10 மணிக்கும் பலரது உடலில் இருக்கும்.

இரண்டாவது, உடலின் உட்கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள இக்கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது கண்ணில் படும் வெளிச்சம். இருட்டும்போது மெலற்றோனின் சுரக்கும், காலை வெளிச்சம் பட்டதும் நின்றுவிடும். இக்கடிகாரம் உயிரணுக்களுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரவு நித்திரை ஒரே மாதிரியானதன்று. ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக அது வந்து போகும். ஆழ்ந்த நித்திரை முன்னிரவில் கூடுதலாகவும், கனவு நித்திரை விடியற்புறத்தில் கூடுதலாகவும் இருக்கும். ஆழ்ந்த நித்திரையின் நடுவில் அலாரம் அடித்து எழுந்தால் அரை மணித்தியாலமாவது தலை பாரமாக இருக்கும். அது நோயல்ல. ஆனால் காலைச் சாப்பாடு முடிந்தும், மத்தியானம் ஆகியும் அலுப்புப் போகவில்லை என்றால் காரணம் தேட வேண்டும்.

எவ்வளவு தேவை?

கனேடிய வழிகாட்டிகளின்படி, 18 முதல் 64 வயதுவரை 7 முதல் 9 மணித்தியாலம். 65 வயதுக்கு மேல் 7 முதல் 8. 14 முதல் 17 வயதுவரை 8 முதல் 10. 5 முதல் 13 வயதுவரை 9 முதல் 11. பதின்ம வயதில் உட்கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடும். ஆகவே இரவு 11 மணிக்கும் நித்திரை வராத பிள்ளையைக் காலையில் "கும்பகர்ணன்" என்று ஏசிப் பயனில்லை. இரவில் கைத்தொலைபேசியை அறைக்கு வெளியே வைக்கச் செய்வதே பயன் தரும்.

ஊரும் இந்த ஊரும்

யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே வித்தியாசம். ரொறன்ரோவில் ஆனி மாதத்தில் பதினைந்தரை மணித்தியாலப் பகல், மார்கழியில் ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. இதற்கு மேல் பங்குனியிலும் கார்த்திகையிலும் மணிக்கூட்டை மாற்றுகிறோம். ஊரில் முற்றம் கூட்டும்போதும், கிணற்றடியில் முகம் கழுவும்போதும் காலை வெயில் தானாகவே கண்ணில் பட்டது. இங்கு நிலக்கீழ் அறையில் சிறு யன்னலோடு வாழும் எமது முதியவர்கள், பனிக்காலத்தில் நாட்கணக்காக வெளிச்சம் காண்பதில்லை. பகலில் கதிரையில் கண் அயர்ந்து, இரவில் தொடர்நாடகம் பார்த்து, விடியற்காலை 3 மணிக்கு விழித்திருந்து, "எனக்கு நித்திரையே இல்லை" என்பார்கள். அவர்களுக்கு முதலில் தேவை காலை வெளிச்சம். மாத்திரையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

எமது கொண்டாட்டங்களையும் சொல்லவேண்டும். சனி இரவு மண்டபத்தில் சாப்பாடு வர 11 மணி. வீடு வந்து படுக்க ஒரு மணி. ஞாயிறு 10 மணிக்கு எழுந்தவருக்கு அன்றிரவு நித்திரை பிந்தும். திங்கள் காலை, விமானத்தில் வேறு நாட்டுக்குப் போய் இறங்கியவர் நிலைதான்.

நாம் செய்த தவறு

மருத்துவம் படித்த எமக்கே இது பிந்தித்தான் புரிந்தது. 1995 ஐப்பசி இடம்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, சில ஆண்டுகளின் பின் அகதியாக இந்நகருக்கு வந்தோம். இரவில் தொழிற்சாலை வேலை, பகலில் மருத்துவ உரிமத்துக்கான பரீட்சைப் படிப்பு. நான்கு மணித்தியால நித்திரை போதுமென்று பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். ஒருநாள் காலை வேலை முடிந்து வரும்போது, வோர்டன் வீதியில் சிவப்பு விளக்கில் நின்றபடியே கண் அயர்ந்துவிட்டோம். பின்னாலிருந்தவர் ஹோர்ன் அடித்தபோதுதான் விழித்தோம். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடந்திருந்தால் இக்கட்டுரையை எழுத நாம் இருந்திருக்க மாட்டோம். வேறு யாரோ ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

குறட்டை: சிரித்துவிட்டு விடாதீர்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அண்ணர், அடையாளம் தெரியாதபடி சொல்கிறோம், தினமும் எட்டு மணித்தியாலம் படுப்பவர். ஆனாலும் 401 நெடுஞ்சாலையில் அவர் தூங்கி விழாமல் இருக்க, பக்கத்திலிருந்த மனைவி தோளில் தட்டிக்கொண்டே வந்திருக்கிறார். "வயசு போட்டுது டொக்டர்" என்றார் அவர். "இரவிலை லொறி மாதிரிக் குறட்டை, இடையிலை மூச்சு நிண்டுபோகும், நான் தட்டி எழுப்புவன்" என்றார் மனைவி. நோயைக் கண்டுபிடித்தவர் அந்த அக்காதான். பரிசோதனையில், மணித்தியாலத்துக்கு நாற்பதுக்கு மேற்பட்ட தடவைகள் அவரது மூச்சு தடைப்படுவது தெரிந்தது.

இது நித்திரை மூச்சுத் தடை நோய். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்க, 10 செக்கன் அல்லது அதற்கு மேலும் மூச்சு நிற்கும். மூளை திடுக்கிட்டு எழுப்பும், ஆனால் காலையில் எதுவும் நினைவிராது. மணித்தியாலத்துக்கு 5 தடவைக்கு மேல் இருந்தால் நோய், 30க்கு மேல் என்றால் கடுமையானது. இதைக் கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம், இருதய நோய், பாரிசவாதம் ஆகியவற்றின் ஆபத்துக் கூடும். வண்டி இல்லாதவர்களுக்கும் இது வரலாம்.

இதைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் எட்டுக் கேள்விகள் எமது ரொறன்ரோ நகரில் வைத்தியர் ஃபிரான்சிஸ் சுங் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தவை. உங்களையே கேட்டுப் பாருங்கள்:

1. மூடிய கதவுக்கு வெளியே கேட்குமளவு குறட்டையா?
2. பகலில் அடிக்கடி களைப்பா, தூக்கமா?
3. மூச்சு நிற்பதை யாராவது கண்டிருக்கிறார்களா?
4. உயர் இரத்த அழுத்தம் உண்டா?
5. உடற்பருமன் அதிகமா?
6. வயது 50க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா?
8. நீங்கள் ஆணா?

மூன்று அல்லது அதற்கு மேல் "ஆம்" என்றால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். வைத்தியரின் கடிதத்தோடு நித்திரை நிலையத்தில் செய்யும் பரிசோதனைக்கு ஓஹிப் பணம் செலுத்தும். மூச்சுப் பாதையைக் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கும் சீபாப் இயந்திரத்துக்கு, ஒன்ராறியோ அரசின் உதவிச் சாதனத் திட்டம் அனுமதித்த விலையில் 75 சதவீதத்தைக் கொடுக்கும். வாகன உரிமம் போய்விடுமென்று பயந்து சிலர் மறைக்கிறார்கள். சிகிச்சை பெற்று வாகனம் ஓட்டலாம். மறைத்து ஓட்டுவதுதான் ஆபத்து. அந்த அண்ணரை இப்போது மனைவி தட்ட வேண்டியதில்லை.

நடுச்சாமத் தொலைபேசி

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். போர்க் காலத்தில் நடுச்சாமத்தில் தொலைபேசி அடித்தால் அது நல்ல செய்தியாக இருந்ததில்லை. 2009 சித்திரை, வைகாசி மாதங்களில் எத்தனை வீடுகளில் எவரும் உறங்கவில்லை! இன்றும் பலர் கைத்தொலைபேசியைத் தலையணைக்குக் கீழ் வைத்தே படுக்கிறார்கள். ஊரோடு ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கு பகல், இங்கு நள்ளிரவு. குழுச் செய்திகள் வந்தபடியே இருக்கும். நெருங்கிய ஒருவர் இருவரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைத்து, தொலைபேசியை அறைக்கு வெளியே விடுங்கள். அவசரமென்றால் கேட்கும்.

கெட்ட கனவு, வியர்த்து விழித்தல், ஹெலிகொப்டர் சத்தத்துக்குத் திடுக்கிடுதல் என்பன வருடங்கள் போயும் தொடர்ந்தால் அது பலவீனம் அல்ல. அதற்குச் சிகிச்சை உண்டு. ரொறன்ரோத் தமிழரிடையே நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, இவ்வகை உளத்தாக்கம் உள்ளவர்களில் வைத்திய உதவியை நாடியவர் சிலரே என்று காட்டியது. குடும்ப வைத்தியரிடமோ, இந்நகரிலுள்ள சித்திரவதைக்குள்ளானோருக்கான கனேடிய நிலையத்திலோ கதைக்கலாம்.

இன்றே தொடங்கக் கூடியவை

1. எழும் நேரத்தை ஏழு நாளும் ஒன்றாக வையுங்கள். விழாவுக்குப் போய்ப் பிந்தினாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மாற்றவேண்டாம்.
2. எழுந்த பின் அரை மணித்தியாலம் வெளியே நடவுங்கள். இருட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இடைவேளையில் வெளியே செல்லுங்கள்.
3. மத்தியானத்துக்குப் பின் கோப்பி, பால்தேநீர் வேண்டாம்.
4. பகல் உறக்கம் 20 நிமிடம். அதுவும் 3 மணிக்கு முன்.
5. இரவுச் சாப்பாடு படுப்பதற்கு மூன்று மணித்தியாலம் முன். மது கண்ணை மூட வைக்கும், ஆனால் பின்னிரவைக் கெடுக்கும், குறட்டையையும் கூட்டும்.
6. நித்திரை வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காதீர்கள். எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக இருந்து, கண் சொருகும்போது திரும்பப் படுங்கள்.
7. இரவு வேலை செய்பவர் பகலில் உறங்கும் அறைக்குத் தடித்த திரை போடுங்கள். அந்த நேரத்தை வீட்டார் இரவாகவே மதிக்கவேண்டும். களைப்போடு வாகனம் ஓட்டாமல் பேருந்தில் வாருங்கள்.
8. அயலவரின் நித்திரை மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு இம்மாத்திரைகள் ஒரு காரணம். ஏற்கனவே எடுப்பவர்கள் திடீரென நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்டுக் குறையுங்கள். நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சை மாத்திரையன்று, பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சையே.

இவற்றை ஒரு மாதம் செய்தும் அலுப்புத் தீராவிட்டால் வைத்தியரிடம் போங்கள். இரும்புச் சத்துக் குறைவு, தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழுப்பும் நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவையும் அலுப்பாகவே வெளிப்படும். இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், குடித்த கோப்பி, குறட்டை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் எமது வேலை பாதி முடிந்துவிடும். இயலுமானால் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிச் செல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். அலுப்பைக் கதவடியில் நின்று சொல்லாதீர்கள். உள்ளே வந்து இருந்ததும் முதலாவதாகச் சொல்லுங்கள். நாம் கேட்கக் காத்திருக்கிறோம்.